இடது சுண்டுவிரல்

ஆறாவது விரலை மடக்கியபோது கதவு திறந்தது. அவன் தலையைத் தூக்கவில்லை. தூக்கினால் எண்ணிக்கை போய்விடும். வலது கையில் நான்கு விரல்கள் மடங்கியிருந்தன, இடது கையில் இரண்டு. மேசை முழுவதும் நீளத் தாள் விரிந்து, மிச்சம் ஓரத்தில் வழிந்து தரையில் கிடந்தது.

"என்னய்யா, ஜோசியம் பாக்குறியா?" என்றார் முதலாளி.

அவன் ஏழாவது விரலை மடக்கினான். தாளில் கண் கீழே இறங்கியது. பிறகு ஒவ்வொன்றாக ஏழையும் விரித்தான். இரண்டு கைகளும் திறந்திருந்தன.

"கணக்கு சரியாத்தான் இருக்கு" என்றான்.

"கணக்கு சரியா இருக்கு, லிஃப்டுதான் சரியா இல்ல." முதலாளி எதிரில் இருந்த நாற்காலியில் உட்காராமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த நாற்காலியில் யாரும் உட்காருவதில்லை. அதில் பழைய போர்டுகள் இருந்தன. "இன்னைக்கும் ஒருத்தர். மூணாவது மாடில கண்ணு ஆபரேஷன் முடிஞ்சு ஏறியிருக்காரு. நாலாவது மாடிக்குப் போகணும், அங்கதான் படுக்கை. லிஃப்டு கதவ மூடிக்கிட்டு ஜம்முனு கீழ போயிடுச்சு. கண்ணுல கட்டு போட்ட ஆளு, மேல வந்துட்டோம்னு இறங்கி நடந்தா நேரா ரோட்டுக்குப் போயிடுவாரு."

"எப்பவும் அப்படி ஆகலையே சார்."

"எப்பவும் ஆனா ஆளுங்க பழகிக்குவாங்கய்யா. எப்பவாவது ஆகுது பாரு, அதுதான் தொல்லை. ஆஸ்பத்திரி டாக்டரம்மா இந்த வாரக் கடைசி வரைக்கும் பாப்பாங்களாம். அப்புறம் நம்ம போர்டையே கழட்டிடுவாங்க."

அவன் நெற்றியில் ஏற்றி விட்டிருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றி வைத்தான். போர்டில் ஈயம் பற்றவைக்கும் வேலைக்காக அணிவது. அதைக் கழற்ற மறந்து தெருவில் போவான், பஸ்ஸில் ஏறுவான். அதனால் அலுவலகத்தில் அவனுக்கு லென்ஸ் என்று பெயர்.

"நீ எவ்வளவு நாளா இந்தத் தாள வெச்சுக்கிட்டு விரல மடக்குற? எழுதினவளையே கேளேன். விரலம்மாவுக்கு ஒரு போன் போடு."

அவன் தாளின் ஓரத்தை நீவினான்.

"நம்பர் இருக்கா?"

"இருக்கு."

"அப்புறம் என்ன? அவ எழுதின புரோகிராம், அவளுக்கு ரெண்டு நிமிஷ வேலை. கூச்சப்படாத. நான் போடச் சொன்னேன்னு சொல்லு."

முதலாளி போய்விட்டார். கதவு தானாக மூடிக்கொண்டது. அவன் கைபேசியை எடுத்துத் தாளின் ஓரத்தில் மல்லாக்க வைத்தான். அதில் நேரம் மட்டும் தெரிந்தது.

அவளுக்குப் போன் போட ஒரு காரணம் வேண்டுமென்று அவன் ஆறேழு வருடங்களாகக் காத்திருந்தான். இப்போது அது தானாக நடந்து வந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுப் போயிருக்கிறது. ஆனால் எடுத்த எடுப்பில் போட முடியாது. தேடிப் பார்த்தீர்களா என்று அவள் கேட்பாள். முழுக்கத் தேடினேன் என்று சொல்ல முடிய வேண்டும். தேடுவது அவன் வேலை. கிடைத்துவிட்டால் போன் போடத் தேவையில்லை. கிடைக்காவிட்டால் போடலாம்.

இதுவரை எந்தப் பிழையையும் அவன் இவ்வளவு நிதானமாகத் தேடியதில்லை.

*

லிஃப்டின் மூளை விரல் நகம் அகலத்துக்கு ஒரு சிப். அதற்கு அசெம்பிளி என்ற மொழியில் எழுத வேண்டும். ஒரு வரிக்கு ஒரு சின்னக் காரியம். இந்த எண்ணை எடு, அந்த எண்ணோடு கூட்டு, பூஜ்யமானால் இங்கே போ. அடிக்கடி தேவைப்படும் காரியங்களைத் தனியாக எழுதி வைத்து வேண்டும்போது அழைத்துக்கொள்வார்கள். அதற்கு சப்ரூட்டீன் என்று பெயர். அழைக்கப்பட்டது தன் வேலையை முடித்ததும், அழைத்த இடத்துக்குத் திரும்ப வேண்டும். எங்கே திரும்புவது என்பதை சிப் ஓரிடத்தில் குறித்து வைக்கிறது. அதுதான் ஸ்டாக். ஒரு குறிப்பின் மேல் இன்னொரு குறிப்பு. கடைசியில் வைத்ததை முதலில் எடுக்கும்.

இந்தச் சிப்பில் அதற்கு எட்டு இடங்கள்தான். ஒன்பதாவதாக ஒரு குறிப்பு வந்தால் சிப் மறுக்காது. விளக்கு எரியாது. சத்தமில்லாமல் முதல் குறிப்பின் மேலேயே எழுதிவிடும். முதலில் கிளம்பிய இடம் அழிந்துபோகும். அது உடனே தெரியவும் தெரியாது. எட்டாவது, ஏழாவது, ஆறாவது எல்லாம் ஒழுங்காகத் திரும்பும். கடைசியாகத் திரும்ப வேண்டியதுதான் எங்கோ போய் விழும்.

அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் இதை அவனுக்கு வாயால் சொல்லவில்லை. கையைக் காட்டினாள். கட்டைவிரல்கள் இரண்டும் தாளைப் பிடிக்க. மீதி எட்டு விரல்கள். படித்துக்கொண்டே போகும்போது ஓர் அழைப்பு வந்தால் ஒரு விரலை மடக்கு. திரும்பினால் ஒரு விரலை விரி. படித்து முடிக்கும்போது கை திறந்திருக்க வேண்டும்.

"எட்டும் நமக்கா?" என்று அவன் கேட்டான்.

"ஏழுதான் நமக்கு. இது நம்மளோடது இல்ல." இடது சுண்டுவிரலை ஆட்டிக் காட்டினாள். அதன் நகத்துக்கு மட்டும் சிவப்புச் சாயம் பூசியிருந்தாள். "இது இன்டரப்டுக்கு."

சிப்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. எந்த வேலை நடந்துகொண்டிருந்தாலும் அது நடுவில் புகுந்து, கொஞ்சம் இரு, என் வேலையை முடித்துக்கொள்கிறேன் என்று நிறுத்தும். அதுதான் இன்டரப்ட். எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அதனால் ஒரு விரலை எப்போதும் அதற்காகக் காலியாக வைத்திருக்க வேண்டும்.

"சொல்லாம கொள்ளாம வர்ற விருந்தாளிக்கு ஒரு தட்டு எடுத்து வைக்கிற மாதிரி" என்றான்.

"விருந்தாளின்னா சாப்பிட்டுட்டுப் போயிடுவாங்க. இது உங்க மாமனார் மாதிரி."

"எனக்குக் கல்யாணம் ஆகலையே."

"எனக்கும்தான்" என்றாள். தாளைத் திருப்பினாள்.

அறையில் இரண்டு மேசைகள் எதிரெதிராக இருந்தன. சிப்புக்குள் புரோகிராமை ஏற்றும் கருவி ஒன்றுதான். அது நடுவில் இருக்கும், முறை வைத்து எடுத்துக்கொள்வார்கள். அவன் அங்கே பற்றவைக்கும் ஆளாகத்தான் சேர்ந்தான். டிப்ளமா படித்திருந்தான். அவள் எழுதுவதை எதிரிலிருந்து தலைகீழாகப் படித்தே கற்றுக்கொண்டான். அவள் ஒரு சப்ரூட்டீன் எழுதி முடித்தால் தாளை அவன் பக்கம் தள்ளுவாள். அவன் எண்ணிப் பார்ப்பான். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, வாய் திறக்காமல், மாறி மாறி விரல்களை மடக்கி விரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து டீ கொண்டுவருபவர், "ஊமை பாஷைல சண்டையா?" என்று கேட்டிருக்கிறார்.

அந்தப் பழக்கம் வீடு வரைக்கும் போனது. அவன் அக்கா வீட்டில் இருந்தான். அக்கா அவனுக்குப் பெண் பார்த்தாள். போய்விட்டு வந்து அத்தானிடம் சொன்னாள்.

"பொண்ணு பாக்கப் போனா பொண்ணு முகத்தப் பாக்கணும். இவன் அது விரலையே பாத்துட்டு வந்திருக்கான். அந்தப் பொண்ணு பயந்துபோயி கைய மூடிக்கிச்சு."

"ஏன்டா?" என்றார் அத்தான்.

"சும்மா."

"சும்மா யாராவது விரலப் பாப்பாங்களா? மோதிரம் இருக்கான்னு பாத்தியா?"

அக்கா அவரை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினாள். அவளுக்குத் தெரியும். அவன் எதுவும் சொன்னதில்லை, ஆனால் சாப்பிடும்போது ஒரு நாளைக்கு எத்தனை தடவை அந்தப் பெண்ணின் பேச்சு வருகிறது என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

*

அவளுக்கு வேறு ஊரில் பெரிய வேலை கிடைத்தது. புதிய சிப்புகள், எட்டு பத்து என்று கணக்குப் பார்க்க வேண்டாதவை. கடைசி நாளில் எல்லாத் தாள்களையும் அவனிடம் கொடுத்தாள். லிஃப்ட் புரோகிராமின் தாளில் ஒவ்வொரு அழைப்புக்கும் பக்கத்தில் பென்சிலால் விரலின் எண்ணை எழுதியிருந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. இன்டரப்ட் பக்கத்தில் ஒரே ஓர் எட்டு.

அன்று மாலை பஸ் நிறுத்தம் வரை சேர்ந்து நடந்தார்கள். அவள் ஏற வேண்டிய பஸ் வந்தது. கூட்டமா இருக்கு, அடுத்ததுல போறேன் என்றாள். அடுத்தது வந்தது. அதில் கூட்டம் இல்லை. அதிலும் அவள் ஏறவில்லை. அவன் மாடி எண்ணைக் காட்டும் விளக்கின் கம்பிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். கம்பி மெல்லியதாக இருப்பதால்தான் ஏழு சில சமயம் ஒன்று போலத் தெரிகிறது. தடித்த கம்பி போட வேண்டும். அவள் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். மூன்றாவது பஸ்ஸில் ஏறிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு கைபேசியில் அவள் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் படம்தான். முதலில் ஒரு தொட்டிச் செடி இருந்தது. பிறகு ஒரு பூனை. கொஞ்ச நாள் வெறும் சாம்பல் வட்டம். அப்போது அவன் தினமும் பார்த்தான். பிறகு மறுபடியும் பூனை வந்தது, வேறு பூனை. நன்றாக இருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டான்.

முதலாளி போன் போடச் சொன்ன அன்று மாலை வீட்டுக்குப் போனதும் அக்கா அவன் முகத்தைப் பார்த்தாள்.

"என்னடா, காணாமப் போனது கிடைச்ச மாதிரி இருக்க?"

"லிஃப்டுல ஒரு பிரச்சனை."

"லிஃப்டுல பிரச்சனைன்னா மூஞ்சி இப்படியா இருக்கும்?"

அவன் கை கழுவப் போனான். கழுவிக்கொண்டே சொன்னான். "முதலாளி அவங்களுக்கு போன் போடச் சொன்னாரு."

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது.

"போட்டியா?"

"இன்னும் இல்ல. முதல்ல நானே பாக்கணும்."

"நீ பாத்துக்கிட்டே இரு. பாத்துப் பாத்துத்தான் உனக்குத் தல நரைச்சுப்போச்சு." கரண்டி மறுபடியும் ஓடியது. பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், "போட்டா நான் கேட்டேன்னு சொல்லு" என்றாள்.

*

மறுநாள் காலை அவன் கண் ஆஸ்பத்திரிக்குப் போனான். தாளைச் சுருட்டி அக்குளில் வைத்திருந்தான். லிஃப்ட் மெக்கானிக் வாசலில் படியில் உட்கார்ந்திருந்தார். அவனைவிட வயதில் பெரியவர். அவர் விரல் நகங்களில் கிரீஸ் நிரந்தரமாகக் குடியிருந்தது.

"வா தம்பி. என் பக்கம் எல்லாம் சுத்தம். கேபிள், பிரேக், மோட்டார் எல்லாம் கழுவிவிட்ட மாதிரி இருக்கு. பேய் உன் பக்கம்தான் இருக்கு."

"மேசைல ஓட்டிப் பாத்தா ஒரு தடவைகூட வரலைண்ணே."

அவன் மேசையில் லிஃப்டுக்குப் பதில் ஒரு பலகை இருந்தது. மாடிக்கு ஒரு குட்டி விளக்கு, பொத்தானுக்கு ஒரு குட்டி சுவிட்ச். அதில் அவன் ஓட்டாத பயணம் இல்லை.

"உன் மேசைல யாரு ஏறி இறங்குறாங்க? இங்க வந்து ஏறிப் பாரு. ஒவ்வொருத்தர ஏத்தறதுக்குள்ள உயிர் போகுது. ஒரு கைல கட்டுப்போட்ட ஆளு, இன்னொரு கைல கதவு. நர்சுப் பொண்ணு அப்படியே சிலை மாதிரி நிக்குது."

அவன் லிஃப்டில் ஏறிக்கொண்டான். காலை நேரம், கூட்டம் அதிகம். மூலையில் நின்று தாளை நெஞ்சின் மேல் பிடித்துக்கொண்டான். இரண்டு முறை மேலே போய்க் கீழே வந்தான். எதுவும் நடக்கவில்லை. நடக்காமல் இருந்தது அவனுக்கு உள்ளூர இதமாக இருந்தது. மத்தியானம் வரை பார்க்கலாம். பிறகு மாடிப்படியில் ஓர் அமைதியான இடமாகப் பார்த்து உட்கார்ந்து போன் போடலாம். என்ன சொல்லித் தொடங்குவது என்று யோசித்தான். நான்தான் பேசுறேன் என்றால் எந்த நான் என்று கேட்கக்கூடும்.

மூன்றாவது மாடியில் கதவு திறந்தது. நர்ஸ் ஒரு பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அவருடைய வலது கண்ணில் வெள்ளைக் கட்டு. அவர் ஒவ்வோர் அடிக்கும் முன்னால் காலால் தரையைத் தடவினார். நர்ஸ் தோளால் கதவைத் தடுத்துக்கொண்டாள்.

"இன்னும் ஒரு அடிதான் ஐயா. பள்ளம் இல்ல. வாங்க."

"பள்ளம் இல்லன்னு நீ சொல்ற. உனக்கு ரெண்டு கண்ணும் இருக்கு."

கதவு மூடப் பார்த்து மறுபடியும் திறந்தது. மறுபடியும் மூடப் பார்த்தது. அப்போது கூரையில் பீப் பீப் என்று ஒலி கேட்டது.

"யாருப்பா விசில் அடிக்கிறது?" என்றார் பெரியவர்.

"கதவ ரொம்ப நேரம் பிடிச்சா கத்தும் ஐயா. வாங்க, உள்ள வந்துட்டீங்க."

பெரியவர் உள்ளே வந்தார். கதவு மூடியது. நர்ஸ் நான்கை அழுத்தியிருந்தாள், பொத்தானில் விளக்கு எரிந்தது. லிஃப்ட் கொஞ்ச நேரம் சும்மா நின்றது. பொத்தானின் விளக்கு அணைந்தது. பிறகு மிக மெதுவாகக் கீழே இறங்கத் தொடங்கியது. வழி தவறினால் சிப் எல்லாவற்றையும் மறந்து முதலிலிருந்து தொடங்கும். அப்போது லிஃப்டைத் தரைத்தளத்துக்குக் கொண்டுவந்து கதவைத் திறந்து வைக்கும். அப்படித்தான் அவள் எழுதியிருந்தாள். யாரும் நடுவில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று.

"மேல போறோமா, கீழ போறோமா?" என்றார் பெரியவர்.

"கீழ" என்றாள் நர்ஸ்.

"கண்ணுதான் போச்சுன்னு நெனச்சேன். வயிறு சரியாத்தான் சொல்லுது."

அவன் தாளை விரிக்கவில்லை. தேவைப்படவில்லை. அந்த பீப் தாளில் இல்லை.

போன வருடம் டாக்டரம்மா கேட்டதற்காக அவன்தான் அதைச் சேர்த்தான். கதவை நெடுநேரம் பிடித்தால் ஒலி வர வேண்டும். கடிகாரத்தோடு சேர்ந்த வேலை என்பதால் இன்டரப்டுக்குள் ஒரே ஒரு வரி எழுதினான். ஒலி எழுப்பும் சப்ரூட்டீனுக்கு ஓர் அழைப்பு. கணினியில் எழுதிச் சிப்பில் ஏற்றினான். புதிதாகத் தாள் எடுக்கவில்லை. அவளுடைய தாளிலும் குறிக்கவில்லை. அந்தத் தாளில் தன் கையெழுத்து படக் கூடாது என்று அவனுக்கு இருந்தது. அதனால் இத்தனை நாளும் அவன் தேடிக்கொண்டிருந்தது அவள் எழுதிய புரோகிராமில். அதில் பிழை எப்படி இருக்கும்?

மெல்ல இறங்கும் லிஃப்டில் நின்று எண்ணினான். பிரதான வேலை பயணத்தை அழைக்கிறது. பயணம், மாடி சேர்வது, கதவு, திறப்பு, காத்திருப்பு, பொத்தான்களைப் பார்ப்பது, மாடி எண்ணைக் காட்டுவது என்று ஒன்றுக்குள் ஒன்றாக ஏழு. எண்ணைக் காட்டும் அந்தக் கண்ணிமைப்பில் கடிகாரம் குறுக்கே வந்தால் எட்டு, இடது சுண்டுவிரல். அதற்குள்ளே ஒலி. மடக்க விரல் இல்லை. கட்டைவிரல் மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது.

ஒன்பதாவது போய் முதலாவதின் மேல் விழுந்திருக்கிறது. கதவு மூடுகிறது, எல்லாம் ஒழுங்காகத் திரும்புகிறது. அடுத்து எந்த மாடி என்று கேட்க வேண்டிய இடத்துக்கு மட்டும் வழி இல்லை. மேசையில் அவன் கதவின் சுவிட்சைத் தட்டிவிட்டு எடுத்துவிடுவான். பிடித்துக்கொண்டு நின்றதே இல்லை.

தரைத்தளத்தில் கதவு திறந்தது. மெக்கானிக் எட்டிப் பார்த்தார்.

"வந்துச்சா பேய்?"

"வந்துச்சு" என்றான்.

"பிடிச்சுட்டியா?"

அவன் தாளை அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தான். நல்ல பிழை ஒன்று கிடைத்தால் யாருக்கும் ஒரு துள்ளல் இருக்கும். அவன் தலையைக் குனிந்தபடி படியேறினான்.

*

மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் படி திரும்பும் இடத்தில் ஒரு ஜன்னல் இருந்தது. எல்லோரும் கீழே லிஃப்டுக்காகக் காத்திருந்ததால் படியில் ஆள் நடமாட்டம் இல்லை. அவன் உட்கார்ந்தான். எழுந்தான். மறுபடியும் உட்கார்ந்தான்.

பிழை கிடைத்துவிட்டது. மெக்கானிக்கிடம் இன்னும் சொல்லவில்லை. முதலாளியிடம் சொல்லவில்லை. சொல்லாத வரைக்கும் அது கிடைக்காத மாதிரிதான். அவன் பூனைப் படத்தின் மேல் விரலை வைத்தான்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டாள் என்று அவன் நினைத்த நேரத்தில் எடுத்தாள்.

"லென்ஸா?"

நான்தான் என்று தொடங்கத் தேவைப்படவில்லை. தயாராக வைத்திருந்தது எல்லாம் போய்விட்டது.

"ஆமா" என்றான்.

"என்ன திடீர்னு? அக்கா நல்லா இருக்காங்களா?"

"நல்லா இருக்காங்க. கேட்டதா சொல்லச் சொன்னாங்க."

"இன்னும் திட்டறாங்களா?"

"தினமும்."

அவள் சிரித்தாள். பின்னால் தட்டுகளின் சத்தமும் பலர் பேசும் சத்தமும் கேட்டன. சாப்பாட்டு இடமாக இருக்கும். அவள் குரல் கொஞ்சம் தடித்திருந்தது. அல்லது அவன் மெல்லியதாக நினைத்து வைத்திருந்தான்.

"நம்ம லிஃப்டுல ஒரு பிரச்சனை. அந்த எட்டு ஸ்டாக் சிப்பு."

"அய்யோ, அது இன்னும் ஓடுதா? நான் அசெம்பிளி எழுதியே எத்தனையோ வருஷம் ஆச்சு. இப்ப மீட்டிங்தான் எழுதுறேன். சொல்லுங்க."

அவன் சொன்னான். மூன்றாவது மாடியில் நின்றுவிட்டு நான்குக்குப் போகாமல் கீழே வருகிறது, எப்போதாவதுதான். சொல்லும்போது தடுமாறினான். பொய்யை வரிசையாகச் சொல்வது கடினமாக இருந்தது. அவள் ம், ம் என்று கேட்டாள். பின்னால் இருந்த சத்தம் குறைந்தது. எழுந்து வேறு இடத்துக்குப் போகிறாள் போலிருந்தது.

"இருங்க, எண்ணிப் பாக்குறேன்" என்றாள்.

அவள் வாய்க்குள் சொல்வது கேட்டது. பயணம். சேர்வது. கதவு. அவன் தன் கையைப் பார்த்தான். அது தானாக மடங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் அவள் கையும் மடங்கிக்கொண்டிருக்கும். கைபேசியைத் தோளில் இடுக்கியிருப்பாள், இல்லாவிட்டால் இரண்டு கையும் எப்படி? இடது கையில் மூன்றாவது விரலுக்கு வந்தபோது அவள் நிறுத்தினாள். அவனும் நிறுத்தினான். 

"ஏழு சரியா இருக்கு" என்றாள். "இன்டரப்டுக்குள்ள யாராவது சப்ரூட்டீன் கால் போட்டீங்களா?"

"ம்?"

"யாராவது கை வெச்சாங்களா அதுல? நீங்க எதுல பாத்தீங்க, ஸ்கிரீன்லயா, தாள்லயா?"

"தாள்ல."

"எந்தத் தாள்?"

"நீங்க கொடுத்தது."



"பென்சில்ல எழுதினதா?"

"ஆமா."

"அது இன்னும் இருக்கா?"

"இருக்கு."

ஜன்னலுக்கு வெளியே கீழே ஒரு ஆட்டோ பின்னோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. டிரைவர் தலையை வெளியே நீட்டித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நகர்த்தினார்.

"லென்ஸ்" என்றாள். "அதுல பாத்தா எப்படிக் கிடைக்கும்? அதுக்கப்புறம் எவ்வளவு மாறியிருக்கும். அத தூக்கிப் போட்டுட்டு புதுசா ஒண்ணு எடுங்க."

"நர்ஸ் கதவப் பிடிச்சா ஒரு பீப் வரும். அது நான்தான் போட்டேன். அந்தத் தாள்ல அது இல்ல" என்றான்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது.

"அப்ப உங்களுக்கே தெரிஞ்சிருக்கே."

"இப்பதான். காலைல."

"போன் போடறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி."

"அப்புறம் எதுக்கு போன் போட்டீங்க?"

அந்தக் கேள்வியில் கோபம் இல்லை. அவள் மெதுவாகத்தான் கேட்டாள். கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருப்பாள் போல இருந்தது. பின்னால் ஒரு சத்தமும் இல்லை.

"முதலாளி போடச் சொன்னாரு" என்றான்.

அவள் சிரித்தாள். நன்றாகத்தான் சிரித்தாள். அது முடிந்த பிறகு மூச்சு விடும் சத்தம் கேட்டது.

"சரி. முதலாளிய கேட்டதா சொல்லுங்க."

"சொல்றேன்."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல. நீங்க நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன்."

மேலே மோட்டார் அறைக்குப் போயிருந்த மெக்கானிக் கூப்பிட்டார். "தம்பி, லிஃப்ட நிறுத்தவா, ஓட்டவா? கீழ ஜனங்க என்னைத் திங்கிறாங்க."

"உங்கள கூப்பிடறாங்க" என்றாள் அவள்.

"ஆமா."

"போங்க."

அவன் கைபேசியை உடனே பையில் வைக்கவில்லை. திரை தானாக அணையும்வரை வைத்திருந்தான். பிறகு எழுந்து பின்பக்கத் தூசியைத் தட்டிவிட்டு மேலே போனான். மெக்கானிக்கிடம், நிறுத்திடுங்கண்ணே, நாளைக்குப் புது சிப்பு போட்டுடலாம் என்றான்.

*

மறுநாள் அவன் வழக்கமான பஸ்ஸில் போனான். புரோகிராமைப் புதிதாகத் தாளில் எடுத்தான். இன்டரப்டுக்குள் இருந்த அழைப்பை நீக்கிவிட்டு, ஒலி எழுப்பும் வரிகளை அந்த இடத்திலேயே எழுதினான். எண்ணிப் பார்த்தான், எட்டைத் தாண்டவில்லை. சிப்பில் ஏற்றினான். மேசைப் பலகையில் கதவின் சுவிட்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு பார்த்தான்.

பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சிப்பை மாற்றினான். மெக்கானிக் மூன்றாவது மாடியில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பீப் வந்தது. லிஃப்ட் நான்குக்குப் போனது. பலமுறை செய்து பார்த்தார்கள். டாக்டரம்மா வந்து ஒரு முறை ஏறி இறங்கிவிட்டு, சரி என்றார்.

முதலாளி கேட்டார். "போன் போட்டியா?"

"போட்டேன்."

"என்ன சொன்னா?"

"உங்கள கேட்டாங்க."

மதியம் சாப்பிட்ட பிறகு அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. லிஃப்ட் சரியாச்சா? அவன் சரியாச்சு என்று எழுதி அனுப்பினான். அவள் அதைப் பார்த்துவிட்டாள் என்று காட்டியது. பிறகு வேறு செய்தி வரவில்லை.

மாலையில் முதலாளி ஒரு சரக்கு லிஃப்டின் போர்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். இரண்டு மாடி, வேறு சிப். மழையில் நனைந்திருந்தது. அவன் அதைத் துணியால் துடைத்து மின்விசிறிக்கு அடியில் வைத்துவிட்டுக் கிளம்பினான்.